இருவராகச் செய்யவும்

பெருமதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் புத்தகத்தில் வரும் குடும்பங்களைப் போலவே எந்நேரமும் நலமாகவும் வாக்கியம் பிசகாமலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இடைநிலை மாணவர்களுக்காகத் தாங்கள் வெளியிட்ட ஆங்கில இலக்கணப் பயிற்சி நூலை வைத்திருப்பவன் நான். அச்சகத்தில் தமிழ்ப் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே இதைக் குறை சொல்லும் கடிதமாக எண்ணாமல், ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரருக்கு எழுதுவதாகக் கொள்ளவும். புத்தகத்தில் அச்சுப்பிழை இல்லை. பைண்டிங்கும் உறுதி, வாளித் தண்ணீரில் விழுந்தும் தாள் பிரியவில்லை. என் புகாரெல்லாம் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் தடித்த எழுத்தில் நிற்கும் 'இருவராகச் செய்யவும்' என்ற கட்டளையைப் பற்றியது.

புத்தகத்தை வாங்கியவள் என் மனைவி. எங்கள் மகள் வெளிநாட்டில் அந்த ஊர்க்காரரையே கட்டிக்கொண்டவள். பேத்திக்கு ஆங்கிலத்தைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள். எங்களுக்கோ ஆங்கிலம் வாசிக்க வரும், பேச வராது. நீங்கள் சொல்லும் இடைநிலை இதுதான் என்று எடுத்துக்கொண்டோம். சமையலறை மேசையில் உரையாடல் பயிற்சி நடந்தது. "ஏ நீங்க, பி நான். ஏ-க்குக் கேள்வி மட்டுந்தான். கேள்வி கேக்குறது உங்களுக்கு நல்லா வரும், பதில் சொல்றதுதானே வராது" என்று அவளே பாகம் பிரித்தாள். நான் கடைசிப் பக்கத்து விடைகளை ஓரக்கண்ணால் பார்த்தால், "பரீட்சையில எட்டிப் பாத்த புத்தி இன்னும் போகலையா?" என்று புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். சில மாதங்களில் அவள் பேத்தியுடன் பல் விழுந்தது முதல் பூனை குட்டி போட்டது வரை பேசத் தொடங்கிவிட்டாள். நான் பின்னால் நின்று கை அசைப்பேன்.

பதினாறாம் பாடம் முடிந்த வாரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "நான் வர்றதுக்குள்ள அடுத்த பாடத்துக்குப் போயிடாதீங்க. அப்புறம் உங்களைப் பிடிக்க முடியாது" என்றாள். போகவில்லை. அவளும் வரவில்லை.

இனித்தான் என் புகார் வருகிறது. பழைய பாடங்களையாவது மறக்காமல் இருப்போம் என்று 'பி'க்கு ஆள் தேடினேன். கீழ்வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சம்மதித்தார். 'அடுத்த ஆண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பையிலிருந்து விளக்கத் தாளை எடுத்தவர், எனக்கு ஒரு பாலிசி போடாமல் எழுந்திருக்கவில்லை. பிறகு தையற்கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எல்லாக் கேள்விக்கும் 'நாளைக்கு' என்றே பதில் சொன்னார், அது அவர் தொழில் பழக்கம். வேறு வழியின்றி இரண்டு பாகத்தையும் நானே வாசித்தேன். ஏ-க்கு என் குரல், பி-க்குக் கொஞ்சம் மெல்லிய குரல். எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி, "யாரு சார் வந்திருக்காங்க? பொம்பளக் குரல் கேட்டுச்சே?" என்றார். "நாப்பத்திரண்டாம் பக்கம்மா" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறார்.

இதற்கிடையில் மகள் தொலைபேசியில், "குழந்தைகிட்ட நான் இன்னும் சொல்லலப்பா. எனக்கு வாயே வரல. உங்ககிட்ட கேட்டா நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றாள். அந்த ஞாயிறே பேத்தி கேட்டாள், பாட்டி எங்கே என்று. ஐயா, உங்கள் புத்தகத்தில் ரயிலைத் தவறவிடுகிறார்கள், குடையைத் தொலைக்கிறார்கள், ஒருவருக்குத் தலைவலிகூட வருகிறது. அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. மனைவி எங்கே என்று ஒருவரைக் கேட்கும் இடம் ஒன்பதாம் பாடத்தில் மட்டும் இருக்கிறது. கணவர் சொல்லும் பதில், 'அவள் கடைக்குப் போயிருக்கிறாள்.' அதையே நான் ஆங்கிலத்தில் பிசகின்றிச் சொன்னேன். குழந்தை தலையாட்டினாள். அடுத்த ஞாயிறும் கேட்டாள், அடுத்த ஞாயிறும் பாட்டி கடைக்குத்தான் போயிருந்தாள். எந்தக் கடைக்கு, ஏன் இன்னும் திரும்பவில்லை என்று பேத்தி கேட்பதில்லை. உங்கள் புத்தகத்திலும் எவரும் கேட்பதில்லை. வாராவாரம் அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டுப் போனை வைக்கிறேன்.

ஆகவே என் பணிவான வேண்டுகோள். ஒரு சிறு குழந்தை கேட்க, வயதானவர் உண்மையைச் சொல்வதாக ஓர் உரையாடல் எழுதித் தர வேண்டும். பதினாறு பாடங்களுக்கு உட்பட்ட சொற்களாக இருக்கட்டும். குழந்தை பயந்துவிடக் கூடாது. நடுவில் நிறுத்திக்கொள்ள வசதியாக அங்கங்கே ஒரு காற்புள்ளி போதும். அடுத்த பதிப்பு வரை என்னால் காத்திருக்க இயலாது, ஞாயிறு அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

தாங்களும், தங்களோடு சேர்ந்து பாடம் படிப்பவர் எவரோ அவரும், நெடுநாள் ஒரே மேசையில் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன், ஏ.

பி.கு.: உறையை ஒட்டுமுன் மகள் அழைத்தாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். குழந்தைக்குத் தெரியும்பா. அவங்கப்பா அன்னைக்கே சொல்லிட்டாராம், எங்கிட்டதான் சொல்லல" என்றாள். "அப்புறம் ஏம்மா வாராவாரம் எங்கிட்ட கேக்குறா?" என்றேன். "உங்களுக்கு யாராவது சொல்லிட்டாங்களான்னு பாக்கத்தான். நீங்க கடைக்குப் போயிருக்கான்னு சொல்லச் சொல்ல, தாத்தாவுக்கு இன்னும் தெரியலையேன்னு அவளுக்கு ஒரே கவலை. நேத்து அழுதுட்டா." இந்த ஞாயிறு பேத்தியே என்னிடம் பக்குவமாகச் சொல்லப்போகிறாளாம். தடுக்கட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். எனவே மேலே கேட்டவை அனைத்தும் ரத்து. சொல்ல வேண்டியதைக் குழந்தை பார்த்துக்கொள்வாள். அந்தச் செய்தியை முதன்முதலாகக் கேட்கிறவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதி அனுப்பவும்.