கோட்டையைக் காத்த ஆட்டின் வம்சம்

கார்வென் கோட்டை,
வெள்ளிக்கிழமை, வழக்கமான மழை

எழுநூறு ஆண்டுப் பெருமையும் ஒழுகும் கூரையும் உடைய கார்வென் கோட்டையிலிருந்து, அதன் தலைமை வழிகாட்டியும் ஒரே வழிகாட்டியுமான உன் தாய்மாமன் இத்வால், கார்டிஃபில் வாழும் மருமகள் கேட்ரினுக்கு எழுதுவது. நலம், உன் நலமும் உன் பூனையின் நலமும் அறிய ஆவல். இனி நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று உறுதியளித்துத் தொடங்குகிறேன்.

போன வாரம் கோட்டைக் குழுச் செயலாளர் திருமதி பெவன் என்னை அழைத்து, "இத்வால், முப்பது வருஷமா நீங்க சொல்ற வரலாறுல பாதி புளுகுன்னு புகார் வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை நானே பார்வையாளர் கூட்டத்தோட வர்றேன். ஒரு பொய் வந்தாலும் அன்னிக்கே வீட்டுக்குப் போயிடணும்" என்றார். வீட்டில் நான் யாருக்குக் கதை சொல்வது, அடுப்புக்கா? ஆகவே உண்மையே பேசுவதென்று தேவாலயத்தில் சபதம் செய்தேன். அந்த அதிர்ச்சியில் மணி தானாக அடித்தது.

செவ்வாயன்று நாலாயிரம் பேர் வந்தார்கள். சுவரின் கனத்தைச் சொன்னேன். ஐந்நூறு பேர் தூங்கிவிட்டார்கள். கட்டிய ஆண்டைச் சொன்னேன். எழுநூறு பேர் தேநீர்க் கடைக்கு நடந்தார்கள். கோட்டைப் பிரபு போரில் சாகவில்லை, வயிற்றுப்போக்கில் செத்தார் என்றேன். "இதுக்கா மலையேறி வந்தோம்?" என்றார் ஒரு சுவான்சிக்காரர். அந்த நேரம் பார்த்து யானை அளவு ஆடொன்று பெரிய மண்டபத்துக்குள் நுழைந்து, பிரபுவின் மேடையில் ஏறி நின்றது.

"இது இங்க என்ன பண்ணுது?" என்றார் சுவான்சிக்காரர்.

உண்மை எனக்குத் தெரியும். மேற்கு வேலி விழுந்து இரண்டு வருஷம்; சரிசெய்வதாக ஏற்றுக்கொண்டவர் திருமதி பெவன். ஆட்டின் முதுகில் இருந்த நீலச் சாயக் குறியோ அவர் வீட்டு மந்தையின் குறி.

"திருமதி பெவன், உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று பணிவாகக் கேட்டேன்.

அவர் முகம் சிவந்தது. தொண்டையைச் செருமினார். "முற்றுகை நடந்தப்போ இந்தக் கோட்டையை ஒரு ஆடுதான் காவல் காத்துது. அதோட வம்சம் இது."

"முதுகுல என்ன அது, நீலமா?" என்றார் சுவான்சிக்காரர்.

"ராஜ முத்திரை" என்றார், கண் இமைக்காமல்.

கூட்டமே தொப்பியைக் கழற்றியது. அழுத கண்ணீரில் அகழி நிரம்பி, இப்போது படகு விடுகிறோம். போகும்போது திருமதி பெவன் என் முகத்தைப் பாராமல், "நாளைக்கு நேரத்தோட வந்துடுங்க" என்றார்.

உன் கூரை ஒழுகாமலும் உன் அடுப்பு அணையாமலும் இருக்க வாழ்த்தும்,
மாமா இத்வால்

பி.கு.: நாலாயிரம் பேர் இல்லை, ஏழு பேர். யாரும் அழவில்லை; அகழியில் முட்செடிதான். நான் தேவாலயப் பக்கம் போய்ப் பல வருஷம். ஆடும் குட்டிதான். ஆனால் "ராஜ முத்திரை" என்று திருமதி பெவன் சொன்னது மட்டும் நிஜம். முப்பது வருஷம் புளுகியும் எனக்கு அப்படியொன்று வாய்த்ததில்லை. புதன்கிழமையிலிருந்து அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.