காதண்ணன் பிளேயர் சோதிக்கிறார்

பாட்டுக் கேட்கும் மனிதர்களை உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலோரம் தலையாட்டுவார்கள், குளிக்கும்போது சுருதி தப்பிக் கத்துவார்கள், பிடித்த வரி வந்தால் பக்கத்தில் இருப்பவர் தொடையில் தாளம் போடுவார்கள். அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. இங்கே சொல்லவந்தது வேறோர் இனம். இந்த இனத்தார் பாட்டையே கேட்பதில்லை. பாட்டு வரும் பெட்டியைக் கேட்பார்கள். மாடு வாங்கப் போனவர் மடியைப் பார்க்காமல், பாலைப் பார்க்காமல், கழுத்து மணியை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? அப்படி.

அடையாளம் காண்பது சுலபம். நல்ல பாட்டாக ஒன்றைப் போட்டு, "எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். மற்றவர்கள் "நல்லா இருக்கு" என்பார்கள், அல்லது "தூக்கம் வருது, மாத்து" என்பார்கள். இவர் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணை மூடுவார். தலையைக் கோழி மாதிரி ஒரு பக்கம் சாய்ப்பார். பிறகு, ஆபரேஷன் அறையை விட்டு வெளியே வரும் டாக்டர் காத்திருக்கும் குடும்பத்தைப் பார்ப்பாரே, அந்த முகத்தோடு, "நடுவுல கொஞ்சம் கலங்கல்" என்பார். எதற்கு நடுவில் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்றைய பொழுது போச்சு.

காதண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒலிப்பிரியர்களின் போன் குரூப் ஒன்று இருக்கிறது. அதில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிழைப்புக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வை வேலை. "சார், மூணாவது மாடி தாண்டும்போது கர்ருனு ஒரு சத்தம் வருது சார், குழந்தை பயப்படுது" என்று குடியிருப்பவர்கள் முறையிட்டால், லிஃப்டில் ஏறி ஒரு தரம் மேலே போய்க் கீழே வந்து, "எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொய்யில்லை, நிஜமாகவே கேட்காது. அதே காதுதான் வீட்டுக்கு வந்ததும், கேபிளை மாற்றியதால் வயலின் வாசிப்பவர் ஓர் அடி பின்னால் தள்ளி உட்கார்ந்துவிட்டார் என்று கண்டுபிடிக்கும்.

அப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் கடைக்காரர் ஒரு பிளேயரைக் கொடுத்து, "ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, உங்க குரூப்ல பத்துப் பேராவது வாங்குவாங்க" என்றார். செங்கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்கியது போல இருந்தது சாமான். அதன் விலையில் ஒரு மோட்டார் பைக் வாங்கலாம். போன் பேசாது, படம் எடுக்காது, வழி காட்டாது. பாட்டு மட்டும் பாடும். இதெல்லாம் குறை என்று நினைப்பவர்கள் அந்தக் கடைக்குப் போகவேண்டாம். காதண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "கனம் இருக்கு" என்றார். "கனம் இருந்தாத்தான் அடிச்சத்தம் நிக்கும்." பெட்டியை இன்னும் போடவே இல்லை. பாதித் தீர்ப்பு முடிந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பாட்டுப் போடுவார் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியாது. புது பிளேயரை முதலில் பழக்கவேண்டும். வெறும் இரைச்சலை அதில் ஓடவிட்டு, பீரோவில் தலையணைகளுக்கு நடுவே படுக்கவைத்து, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் அதன் போக்கில் விட்டுவிடவேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் பாகங்கள் இறுக்கம் தளர்ந்து வழிக்கு வருமாம். துண்டு எடுக்கப் பீரோவைத் திறந்த மனைவி இரண்டடி பின்வாங்கினார்.

"என்னங்க! உள்ள ஏதோ சீறுது!"

"சீறட்டும். அது பழகுது."

"எதுக்குப் பழகுது?"

"பாடறதுக்கு."

"பெட்டிக்கே பழக்கம் வேணுமா?" என்று சிரித்துக்கொண்டே துண்டை எடுத்த மனைவி, போகாமல் அங்கேயே நின்றார். "நான்கூட ஒண்ணு பழகிட்டுதான் இருக்கேன். கேக்கறீங்களா?"

விஷயம் இதுதான். மனைவிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை. கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருந்த ஒரு நாடகக் குழுவின் இயக்குநர், மேஜைக்குப் பின்னால் இவர் தன்னை மறந்து முனகிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். வாயைத் திறக்க முடியாத நிலையிலும் சைகையால் 'நிறுத்தாதீங்க' என்று சொல்லியிருக்கிறார். அவர்களுடைய புது நாடகத்தில் ஒரு தாய் வார்த்தை ஒன்றும் இல்லாமல், வெறும் ராகமாக ஒரு தாலாட்டு முனகவேண்டும். மெட்டை அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வருகிறேன் என்றோ முடியாது என்றோ சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் பாடியதற்குப் பிறகு மனைவி நாலு பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. ஆசை இருந்தது. ஆசையைவிடப் பயம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"ஊரே உங்ககிட்டதானே வந்து எப்படி இருக்குன்னு கேக்குது. எனக்கு ஒரு நாலு நிமிஷம் குடுங்க. நல்லா இல்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க, நான் முடியாதுன்னு போன் பண்ணிடறேன்."

"சொல்றேன் சொல்றேன். இந்தப் பெட்டி முடியட்டும்."

சனிக்கிழமை இரவு மனைவி கேட்டார். பெட்டி பழகிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை கேட்டார். காதண்ணன் ஹெட்போன் பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது மறுபடி கேட்டார்.

"இப்ப வேணாம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல சோதனை. காலையிலேர்ந்து யார் பேசறதையும் கேக்காம காதுக்கு ஓய்வு குடுத்து வச்சிருக்கேன்."

"காலையிலேர்ந்துதானா?" என்று கேட்டுவிட்டு மனைவி தட்டோடு உள்ளே போய்விட்டார்.

சோதனைக்கு முன்னால் அந்த ஹெட்போனைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். சாதாரண ஜனங்கள் வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று ஹெட்போன் வாங்குவார்கள். காதண்ணன் அதைப்போல நாலு மடங்கு கொடுத்து, முதுகுப்பக்கம் முழுக்க ஓட்டை போட்ட ஹெட்போன் வைத்திருந்தார். ஒலி மூச்சு விடவேண்டுமாம். ஓட்டை வழியாகத் தெருவில் போகும் லாரியும் உள்ளே வரும். வந்தால் என்ன? மூச்சு முக்கியம்.

குரூப்பில் எல்லோரும் ஆவலாகக் காத்திருந்ததால், போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டு, கேட்கக் கேட்கவே தீர்ப்புச் சொல்வது என்று ஏற்பாடு. அறைக்கதவு முழுக்கச் சாத்தினால் சத்தம் சுவரில் முட்டும் என்பதால் பாதி திறந்திருந்தது. பிளேயரைச் சார்ஜில் போடவில்லை. கரண்டு ஏறும்போது கேட்டால் ஊர்க் கரண்டின் அழுக்கெல்லாம் பாட்டில் கலந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தால் வெளிச்சம் காதைக் கெடுக்கும்.

முதல் பாட்டு, புரியாத பாஷையில். இவர்கள் சோதனைக்கு எடுப்பது எப்போதும் அப்படித்தான். புரிந்துவிட்டால் அர்த்தத்தில் மனசு போய்விடும் அல்லவா? இரண்டாவது, வெறும் மத்தளம். "அடி சுத்தமா இருக்கு. தோல் காஞ்ச தோல்னு தெரியுது" என்றார். மூன்றாவது, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் தனிக் குரல். அதற்காகக் காத்திருந்தார்.

நிசப்தம்.

"ஆஹா!" என்றார் காதண்ணன். "கேட்டீங்களா?"

"என்னண்ணே, ஒண்ணும் கேக்கலையே" என்றார் போனில், குரூப்பைச் சேர்ந்த மருந்துக்கடைக்காரர்.

"அதைத்தான் சொல்றேன்! இந்த அமைதியைக் கேளுங்க. சின்ன இரைச்சல், ஒரு உஸ்ஸு இருக்கா? கும்மிருட்டு மாதிரி அமைதி. இந்த விலைக்கு இதுக்கு முன்னால இப்படி அமைதியை நான் கேட்டதே இல்லை."

அந்த அமைதி கொஞ்சம் நீண்டது. நீள நீள காதண்ணனின் முகம் மலர்ந்தது. பிறகு அந்த இருட்டுக்குள்ளிருந்து, யாரோ தயங்கித் தயங்கிக் காலெடுத்து வைப்பது போல, ஒரு குரல் வந்தது. வார்த்தை இல்லை. வெறும் ராகம். முதல் வளைவில் கொஞ்சம் நடுங்கி, இரண்டாவதில் நிமிர்ந்து, மூன்றாவதில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்ற கவலையை எல்லாம் விட்டுவிட்டு ஏறியது.

"அண்ணே, எங்களுக்கே லேசா கேக்குதுண்ணே!" என்றான் டைல்ஸ் கடைத் தம்பி.

"கேக்கும்டா. முதுகு திறந்த ஹெட்போன்னா சும்மாவா? தள்ளி வச்சிருக்கான் பாரு குரலை! தலைக்குள்ள இல்ல, காதுகிட்டகூட இல்ல. இடப்பக்கம், கொஞ்சம் பின்னால. அடுத்த ரூம்ல நின்னு பாடற மாதிரியே இருக்கு."

"யாருண்ணே பாடறது?"

"யாரா இருந்தா என்ன? ஆனா குரல்... அடடா. ஒரு பூச்சு இல்ல, பாசாங்கு இல்ல. இந்தக் குரலை இத்தனை நாள் கேக்காம இருந்தவன் காது வச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்!"

நெஞ்சு நிறைந்து, கழுத்தில் வியர்த்து, ஒரு மூச்சு விட்டுக்கொள்வதற்காக ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

பாட்டு நிற்கவில்லை.

நீங்களோ நானோ இந்த இடத்தில் திரும்பிப் பார்த்திருப்போம். காதண்ணனுக்கு மெய் சிலிர்த்தது. "கழட்டின பிறகும் நிக்குதுய்யா!" என்று கத்தினார். "காதை விட்டுப் போகமாட்டேங்குது! இன்னும் தெளிவா இருக்கு!" சத்தத்தை ஒரு படி கூட்டலாம் என்று கண்ணைத் திறந்து பிளேயரின் சக்கரத்தைத் திருகினார். திரை இருட்டாக இருந்தது. பக்கத்துப் பொத்தானை அழுத்தினார். இருட்டு. அழுத்திப் பிடித்தார். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பீரோவுக்குள் சீறிச் சீறிப் பழகிய பெட்டி, உள்ளே இருந்த உயிரையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, மத்தளம் முடிந்தபோதே போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த அறையில் ராகம் இறங்கி முடிந்தது. அதன் பின்னால் ஒரு சின்ன இருமல். அந்த இருமலைக் காதண்ணனுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும். குரலைத்தான் அடையாளம் தெரியவில்லை.

"அண்ணே, இருக்கீங்களா? எத்தனை ஸ்டார்?" போனில் மருந்துக்கடைக்காரர்.

காதண்ணன் போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'அய்யா, பெட்டி செத்துக் கிடக்கு, பாடினது என் வீட்டுக்காரி.' தொண்டைவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் காதண்ணன் என்ற பெயர் என்ன ஆவது?

"நாலரை" என்றார்.

"அரை எதுக்குண்ணே குறைச்சீங்க?"

"பேட்டரி கொஞ்சம் சுமார்."

பெட்டியின் பெருமையை இன்னும் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனை வைத்துத் திரும்பினால் வாசற்படியில் மனைவி. முகம் கழுவி, தலை சீவி, தோளில் பையும் மாட்டியிருந்தார்.

"வரேன்னு சொல்லிட்டேங்க. இன்னிக்கே ஒரு தடவை வந்து பாடிக் காட்டச் சொல்றாங்க."

"எங்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னியே..."

"நீங்கதான் சொல்லிட்டீங்களே. பூச்சு இல்ல, பாசாங்கு இல்லைன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினீங்களே."

காதண்ணன் அவசரமாக எழுந்தார். "நான் அது... உன்னைப் பத்திதான்..."

"ஆமா ஆமா" என்று மனைவி மேஜையருகே வந்தார். செத்த பிளேயரை ஒரு விரலால் தட்டினார். மேஜைக்குக் கீழே கிடந்த வயரை எடுத்து அதன் வாயில் செருகினார். "முதல்ல இதுக்குச் சார்ஜ் போடுங்க. பாவம், நாலரை ஸ்டார் வாங்கின பெட்டி." போகும்போது கதவை, பாதியில் நிறுத்தாமல், முழுக்கச் சாத்திக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். திருந்தினார், அவர் வழியில். குரூப்பில் பத்துப் பேர் அந்தப் பிளேயரை வாங்கி, அந்த மூன்றாவது பாட்டு தங்கள் பெட்டியில் மட்டும் அப்படி ஏன் கேட்கவில்லை என்று கேபிள் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாடகத்தின் ஒலிப்பதிவு வீட்டுக்கு வந்தபோது காதண்ணன் அதைத் தன் பழைய பிளேயரில் ஏற்றி, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டார். "மைக்கை ரொம்பக் கிட்ட வச்சுட்டாங்க. அன்னிக்குக் கேட்ட மாதிரி இல்ல" என்றார். மனைவி சமையலறையில் இருந்தார். அடுத்த நாடகத்துக்கான மெட்டை முனகிக்கொண்டிருந்தார். அது காதண்ணனுக்குக் கேட்கவில்லை. முதுகு திறந்த ஹெட்போனால்தான் அன்றைக்கு மோசம் போனோம் என்று, காற்றுகூடப் புகாத ஒன்றாகப் பார்த்து வாங்கிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிளேயரும் ஹெட்போனும் வாங்க நமக்கு வசதி ஏது என்று நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் ஒன்று: இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் எங்கோ, வீட்டுக்குள்ளிருந்து உங்களை யாரோ கூப்பிட்டார்கள். நீங்களும் கண்ணை எடுக்காமல் "ம்... இதோ" என்றீர்கள்.

கூப்பிட்டது யார், சொல்லுங்கள் பார்ப்போம்.