காசிம் பாய் போட்ட பூட்டு

இனிமேல் இந்த லேப்டாப்பில் ரசியாவின் விரல் படக்கூடாது. போன வியாழக்கிழமை காசிம் எடுத்த வீரத் தீர்மானம் இது.

அவருக்குச் சிதம்பரத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் தொழில். டிசைன் வேலை எல்லாம் வீட்டில், அந்த லேப்டாப்பில்தான். அவர் அசந்த நேரம் பார்த்து ரசியா ஒரு பத்திரிகையின் பச்சையை மாம்பழ மஞ்சளாக மாற்றி வைத்துவிட்டாள். பார்ட்டி வந்து பார்த்துவிட்டு, "பாய், இத்தனை வருஷத்துல இப்பத்தான் உருப்படியா ஒரு கார்டு போட்டிருக்கீங்க" என்றார். வேறொரு மனுஷனாக இருந்தால் பொண்டாட்டிக்கு அல்வா வாங்கிக் கொடுத்திருப்பான். இவருக்கு வயிறு எரிந்தது.

விண்டோஸ் பாஸ்வேர்டெல்லாம் ரசியாவுக்கு ஜுஜுபி. அதனால் யூடியூபைப் பார்த்து ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு போட்டார். மெஷினுக்கு உயிர் வரும்போதே, விண்டோஸ் கண் விழிக்கும் முன்னாலேயே, கருப்புத் திரையில் வழிமறித்துக் கேட்கும் பூட்டு அது. என்ன போடுவது? சாம்பிள் ஆல்பத்தில் அவருடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது. அதிலிருந்த ஹிஜ்ரி தேதியைப் பார்த்து அப்படியே அடித்தார். இந்த ஆளுக்குக் கல்யாணத் தேதி ஞாபகம் இருக்கும் என்று எந்தப் பொண்டாட்டிக்காவது சந்தேகம் வருமா?

கணக்கு என்னமோ சரிதான். ஞாபகம் இல்லைதான்.

நாலு நாளாக மூடி மூடித் திறந்தாரே தவிர, அவர் மெஷினை அணைக்கவில்லை. திங்கட்கிழமை சார்ஜ் தீர்ந்து தானாக அணைந்தது. சார்ஜ் ஏற்றித் திறந்தால் கருப்புத் திரை வந்து நின்றது. ஆல்பத்தைப் புரட்டினால் பத்திரிகையைக் காணோம். மாதிரிக்கு வேண்டும் என்று கேட்ட பண்ருட்டி பார்ட்டிக்குத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருந்தார். அவர்கள் போனை எடுக்கவில்லை. இங்கிலீஷ் தேதியை வைத்து நெட்டில் ஹிஜ்ரி பார்க்கலாம் என்றால் நம்மூர்ப் பிறைக்கும் நெட்டுப் பிறைக்கும் ஒரு நாள் இடிக்கும். அதைவிடப் பெரிய இடி, இங்கிலீஷ் தேதியும் அவருக்குத் தெரியாது. ஊரார் கல்யாணத் தேதியெல்லாம் தங்க எழுத்தில் அடிக்கிற மனுஷன்!

லேப்டாப்புக்குள் மாட்டியிருப்பது இன்னாசிராஜ் வாத்தியாரின் மகள் சிந்தியாவின் கல்யாணப் பத்திரிகை. செவ்வாய் சாயங்காலத்துக்குள் அது பிரஸ்ஸுக்குப் போகாவிட்டால் எதிர்க்கடைக்குப் போய்விடுவேன் என்று வாத்தியார் கறாராகச் சொல்லியிருந்தார்.

காசிம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு ஓடினார். அங்கே லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் செம்பியன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பேட்டரிய கழட்டி மாட்டுப்பா, போயிடும்."

"போவாது பாய். பூட்டு மதர்போர்டுல உக்காந்துருக்கு."

"டிஸ்க்கையாவது கழட்டி வேற மெஷின்ல போடு."

"டிஸ்க்குக்கும் சேர்த்துத்தான பூட்டியிருக்கீங்க! பில்லோட கம்பெனிக்கு எழுதணும். பதினஞ்சு நாளு ஆவும். உள்ள இருக்குறதும் அழிஞ்சிடும்."

"அப்ப என்னதாம்பா வழி?"

"நல்லா யோசிங்க. இல்லன்னா வூட்ல கேளுங்க."

வீட்டிலா! கல்யாணத் தேதி மறந்துவிட்டது என்று ரசியாவிடம் சொல்வதற்கு எதிர்க்கடையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் நைஸாகப் பேச்சை ஆரம்பித்தார்.

"ரசியா, நம்ம நிக்காஹ் காப்பி எங்க இருக்கு?"

"அதான் தானே புயல்ல பீரோவோட நனைஞ்சு போச்சே. எங்கூரு ஜமாஅத் தஃப்தர்லதான் எழுதி வச்சிருப்பாங்க. எதுக்கு மச்சான்?"

"சும்மா."

"சும்மா யாராச்சும் நிக்காஹ் காப்பி கேப்பாங்களா?"

"பாஸ்போர்ட்டுக்கு."

"உங்களுக்குத்தான் இருக்கே."

"உனக்கு."

"எனக்கா! எங்க போறோம்?"

வாயில் வந்ததை உளறினார்.

"மக்காவுக்கு. உம்ராவுக்கு."

"மாஷா அல்லாஹ்!" ரசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவரையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சட்டையை எடுத்து நீட்டினாள். "நல்ல காரியத்தத் தள்ளிப் போடக் கூடாது. இப்பவே கெளம்புங்க."

லேப்டாப்பை வீட்டில் போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அவர் ரசியாவின் ஊரான காட்டுமன்னார்கோயிலில் இறங்கும் முன்பே செய்தி இறங்கிவிட்டிருந்தது. ஜமாஅத்தின் கல்யாணப் பதிவேடான தஃப்தரைப் பார்த்துக்கொள்பவர் ரசியாவின் தாய்மாமன் ஹாமித். வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ரசியா போன் பண்ணுச்சு மாப்ள! உம்ராவுக்கு நிய்யத் வச்சுட்டீங்களாமே!"

"அது வந்து மாமா... சும்மா ஒரு பேச்சுக்கு..."

"மனசார எண்ணிட்ட நிய்யத்துல என்ன மாப்ள சும்மா?"

அதற்கப்புறம் வாயைத் திறக்க முடியுமா? வருகிறவர் போகிறவரெல்லாம் தங்களுக்கும் துஆ செய்யச் சொன்னார்கள். ஜமாஅத் தலைவர் சால்வை போர்த்தினார். ரசியாவின் தங்கை நஜியா மக்காவிலிருந்து கொண்டுவர வேண்டிய ஜம்ஜம் தண்ணீருக்கென்று ஐந்து லிட்டர் கேனை இப்போதே கையில் திணித்தாள். இத்தனைக்கும் நடுவில் தஃப்தரில் பக்கம் கிடைத்தது. ஷவ்வால் பிறை பதினாறு, ஹிஜ்ரி ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று. அதைக் காசிம் உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார்.

சால்வையும் கேனுமாக சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். கூடத்தில் இன்னாசிராஜ் வாத்தியார் டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே லேப்டாப் பளிச்சென்று திறந்திருந்தது.

"பிரமாதம் பாய்! அந்த ஊதா கலரு சிந்தியாவுக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. உங்க வீட்டம்மா பன்னெண்டு மணிக்கே பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டாங்க."

காசிம் போட்டது ரோஸ் கலர். வாத்தியார் படியிறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிடி தொறந்த?"

"நம்ம கல்யாணத் தேதியப் போட்டுத்தான். போன வெள்ளிக்கிழமை நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்தப்ப மெஷின அணைச்சுப் போட்டேன், பூட்டு கேட்டுச்சு, அப்பவே தொறந்து பாத்துட்டேன். நம்ம மனுஷனுக்கு ஹிஜ்ரி தேதிகூட ஞாபகம் இருக்கேன்னு மூணு நாளு சந்தோஷமா இருந்தேன். நேத்து நீங்க கடலூருக்குத் தூக்கிட்டு ஓடுனப்பதான் வண்டவாளம் தெரிஞ்சுது."

"அடிப்பாவி, காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

ரசியா அவர் கையிலிருந்த கேனை வாங்கிப் பத்திரமாக ஓரத்தில் வைத்தாள்.

"சொல்லியிருந்தா உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா மச்சான்?"