ஆசிக்காக எடுத்துப்போன இசைத்தட்டு

தராஸ் நகரிலிருந்து,

அன்பு மைத்துனன் கெங்கெஷுக்கு, அத்தான் தூளேகென் எழுதுவது. நீயும் உன் ஆடுமாடுகளும் சுகமா? கராகந்தாவில் அடுக்குமாடி வீட்டில் உனக்கு ஆடு ஏது, மாடு ஏது. ஆனாலும் கேட்காமல் கடிதம் தொடங்கினால் நம் ஆட்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். சிகரெட்டை விட்டாயா? விழாவில் உன் இருமல் பேச்சாளர்களைவிட நன்றாக இருந்தது. சுருக்கமாகவும் இருந்தது.

இசைத்தட்டுக்கெல்லாம் ஆண்டு விழா எதற்கு என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். நீதான், "மனுஷனுக்கு ஐம்பது வயசானா ஊரைக் கூட்டுறோம். அக்கா பாடின தட்டுக்கு ஐம்பது ஆச்சு, சும்மா விடுவீங்களா அத்தான்?" என்று போனிலேயே என்னைக் கரைத்தாய். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தட்டில் மூன்றாம் பாட்டு முடிந்ததும் யாரோ நாற்காலியைக் கிறீச்சிட வைக்க, உன் அக்கா பாத்திஷ் களுக்கென்று சிரிப்பாளே, அந்தச் சிரிப்பை நாலு பேரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். அவள் போனபிறகு தனியாகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் சிரிப்பு வேறெதிலும் பதிவாகவும் இல்லை.

நடந்தது உனக்கே தெரியும்; எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் ஆறும். தட்டை மேசை நடுவில் மணப்பெண் மாதிரி வைத்தார்கள். விழா நடத்துனர் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. சம்பந்தியை வாழ்த்தக் கூப்பிட்டார், சம்பந்தியின் சம்பந்தியைக் கூப்பிட்டார், பாத்திஷைப் பார்த்தே இராத பால்பண்ணை மேலாளரையும் கூப்பிட்டார். பேசியவர்கள் எல்லாரும் மரியாதைக்கென்று எனக்கு அங்கி போர்த்தினார்கள். அங்கிமேல் அங்கி ஏறி, கையைத் தூக்கக்கூட முடியவில்லை. "முதல்ல பாட்டைப் போடுங்கப்பா" என்றேன். "பொறுங்க பெரியவரே, அம்மாவோட ஊர்க்காரங்க இன்னும் பேசலியே!" என்றார். பேசினார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் ஆட்டுத்தலை வந்தது, தேநீர் வந்தது, மண்டபக்காரன் விளக்கை அணைத்தான். ரெக்கார்டு பிளேயரின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உறையைத் திறந்தால் தட்டு இல்லை. மருமகள் அய்முங், "வந்தவங்க யாராவது ஆசிக்குன்னு எடுத்துட்டுப் போயிருப்பாங்க மாமா. நல்ல விஷயம்தானே!" என்கிறாள். தொண்ணூறு வயது கண்டவர் விருந்தில் ஆசி வேண்டிக் கிண்ணத்தையோ கரண்டியையோ எடுத்துப்போவது நம் வழக்கம்தான், நானே எடுத்திருக்கிறேன். அதைத் திருட்டு என்று சொல்லவும் முடியாது, திருப்பிக் கேட்கவும் முடியாது. ஆனால் கிண்ணம் சிரிக்குமா கெங்கெஷ்? இன்னமும் தேநீர் ஊற்றும்போது என் கை அவளுக்கும் ஒரு கிண்ணம் எடுக்கிறது. மனசு அவளை அப்படித் தேடுகிறது.

ஆகவே இனி எந்தத் தட்டுக்கும் எவனும் விழா எடுக்க வேண்டாம். ஐம்பத்தொன்று, அறுபது என்று யாராவது வந்தால் கதவையே திறக்க மாட்டேன்.

உன் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். உன் வாசலுக்கு நல்ல விருந்தாளிகள் வரட்டும், மைக் இல்லாமல் வரட்டும்.

உன் அத்தான்,
தூளேகென்

பி.கு.: இந்தக் கடித உறையை ஒட்டப்போகும்போது வீட்டுப் போன் அடித்தது. எடுத்தால் பேச்சில்லை, பாட்டு. மூன்றாம் பாட்டு. அது முடிந்ததும் நாற்காலி கிறீச்சிட்டது, பாத்திஷ் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் மேலேயே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். அந்த இருமலை எனக்குத் தெரியாதா? தட்டு உன்னிடமே இருக்கட்டும். உனக்கும் அவள் அக்காதானே. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. அடுத்த வருஷமும் விழா உண்டு. யாரையும் கூப்பிடாதே. நீ போனில் போடு, நான் கேட்கிறேன். அவள் சிரிக்கும்போது மட்டும் இருமாதே.