உப்பளத்துக்கு வந்த அமெரிக்க விசாரணை

என்னிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால் மூன்று பதில் சொல்வேன். ஒன்று கேட்டதற்கு, மீதி இரண்டும் கேட்காததற்கு. இந்த வியாதியால் நான் பட்ட அவமானங்களில் முதலிடம், 2005-இல் மரக்காணம் உப்பளத்தில் அடித்த கூத்துக்குத்தான்.

என் மனைவி ஸ்டெல்லா அதற்கு முந்தைய வருடம்தான் நர்ஸ் வேலை கிடைத்து அமெரிக்கா போனாள். போகும்போது நான்கு மாதக் கர்ப்பம். நான் பின்னாலேயே போய்விடுவதாக ஏற்பாடு. அந்தப் "பின்னாலேயே"வை நம்பி, விசா நேர்காணலுக்கு முன்பே பாண்டிச்சேரி வேலையை ராஜினாமா செய்தேன். மொபெட்டை விற்றேன். அங்கே குளிருமாமே என்று அரைக்கைச் சட்டைகளை எல்லாம் பங்காளிப் பையன்களுக்குத் தானம் செய்தேன். பங்குச் சாமியார் பூசையில் பெயர் சொல்லி வழியனுப்பியும் வைத்தார்.

சென்னையில் நேர்காணல் செய்த அம்மாள் சிரித்த முகத்தோடு ஒரு தாளை நீட்டினாள். பாதுகாப்புச் சோதனை நிலுவையில் இருக்கிறதாம், முடிந்ததும் தெரிவிப்பார்களாம். ஊருக்குத் திரும்பி, கொடுத்த சட்டைகளில் இரண்டைக் கெஞ்சி வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மகள் அங்கே பிறந்தாள். போனில் அவள் அழுகையைக் கேட்டேன். போட்டோவில் அவள் குப்புறக் கவிழ்ந்ததைப் பார்த்தேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து மெயில் மேல் மெயிலாக அனுப்பினால், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே வரி வரும். அவளுடைய முதல் பிறந்தநாளுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், எனக்கு வேறு ஆசையே இல்லை. ஊரிலோ, "ஏம்பா, பொண்டாட்டி உன்ன வேணாம்னு சொல்லிட்டாளாமே?" என்று துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மூளையைக் கசக்கினேன். பாஸ்போர்ட்டுக்கு என்ன நடந்தது? ஏட்டு வீட்டுக்கே வந்தார், காபி குடித்தார், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கேட்டார், கையெழுத்து வாங்கினார், போனார். வெறும் பாஸ்போர்ட்டுக்கே ஆள் வந்தால் அமெரிக்காவுக்கு வராமலா இருக்கும்? வரும். அதுவும் சொல்லாமல் வரும். (பி.காம். படித்த மூளை, சும்மாவா!) உடனே சாட்சி தயார் செய்தேன். எங்கள் உப்பளத்தில் உப்பு வாரும் பெண்களுக்கெல்லாம் மேஸ்திரி அஞ்சலையக்கா. அவரைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அக்கா, வெள்ளக்காரன் வந்து என்னப் பத்திக் கேட்டா என்ன சொல்லுவ?"

"தங்கமான புள்ள. குடிக்காது, பீடி புடிக்காது, யார் வம்புக்கும் போவாது. பத்தாவது படிக்கறப்ப லாரி டயர்ல காத்தப் புடுங்கி வுட்டுச்சு, அதோட சரி."

"இப்ப எதுக்குக்கா அந்த லாரி?"

"உண்மையச் சொல்ல வேணாமா?"

பத்து நாள் பயிற்சி கொடுத்தேன். மற்றதெல்லாம் மெருகேறியது. லாரி மட்டும் நகரவில்லை.

சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அது நடந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் ஓட்டை மோட்டார் பைக்கில் வந்து உப்பளத்தில் இறங்கினார். சாயம்போன ஜிப்பா, தேய்ந்த செருப்பு. (மாறுவேடம் என்று உடனே கண்டுபிடித்தேன்.) பாத்தியோரம் குந்தி, உப்பைக் கிள்ளி நாக்கில் வைத்தார். இன்னும் கொஞ்சம் அள்ளிக் காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஐயோ, சாம்பிள்! தலைதெறிக்க ஓடினேன்.

"எனி கெமிக்கல்?" என்று உப்பைக் காட்டிக் கேட்டார்.

"நோ கெமிக்கல் சார்! நோ பாம் சார்! ஃபுல் பேமிலி நோ பாம் சார்!"

மனிதர் இரண்டடி பின்வாங்கினார்.

விடுவேனா? அப்பா நாற்காலியும் இளநீரும் கொண்டுவந்தார். நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கல்யாண ஆல்பம், திருமணச் சான்றிதழ், ரத்தப் பரிசோதனை ரிசல்ட் எல்லாவற்றையும் அள்ளி வந்து அவர் மடியில் பரப்பினேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் கணக்கு மார்க்கை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக் காட்டினேன். அஞ்சலையக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார்.

"தங்கமான புள்ள. குடிக்காது, பீடி புடிக்காது, யார் வம்புக்கும் போவாது..."

"அக்கா, லாரிய வுட்டுடு!" என்று காதைக் கடித்தேன்.

"எப்பிடிப்பா வுடறது? அடுத்து அதான வருது!"

வெள்ளைக்காரர் இளநீரைக் கீழே வைத்தார். சுத்தமான தமிழில் கேட்டார்:

"எந்த லாரி?"

பாத்தியில் நின்ற பெண்கள் எல்லாம் உப்பு வாருவதை நிறுத்திவிட்டார்கள்.

"முப்பது வருஷமா பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்துல இருக்கேன் தம்பி. பேக்கரி வச்சிருக்கேன். ரொட்டிக்கு ரெண்டு மூட்ட உப்பு வேணும், அதான் வந்தேன். உன் ரத்த டெஸ்ட்ட வச்சி நான் என்னாப்பா பண்றது?"

எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியில் அழுதும் விட்டேன். (மறைப்பானேன்!) மனிதர் என் தோளைத் தட்டினார். "எனக்கும் இங்க தங்கற விசாவ நீட்டணும். நாலு மாசமா போலீஸ் விசாரணை இழுக்குது. இந்த அக்காவ ஒரு நாளைக்கு அனுப்பு" என்றார்.

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் பத்து நாள் மனப்பாடம் வீணாகப் போக அஞ்சலையக்காவுக்கு மனமில்லை. அடுத்த முறை வெள்ளைக்காரர் உப்புக்கு வந்தபோது மூட்டைக்குப் பதில் அக்காவே பைக்கில் ஏறிக்கொண்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், அறுபது வயசு மனிதரைக் காட்டி, "தங்கமான புள்ள" என்று தொடங்கி லாரி வரைக்கும் ஒப்பித்திருக்கிறார். அந்த வாரமே அவருக்கு விசாரணை முடிந்தது.

எனக்கு முடியவில்லை. மகளின் முதல் பிறந்தநாளுக்கு அந்த வெள்ளைக்காரர் கேக் செய்து அனுப்பினார். அதை உப்பளத்தில் வைத்து நானும் அஞ்சலையக்காவும்தான் வெட்டினோம். என் பங்கையும் அக்காவே சாப்பிட்டார்.

2006-இல் ஒருநாள், யாரும் வராமல், யாரையும் கேட்காமல், ஒரு வரி மெயிலில் விசா வந்தது. விமான நிலையத்தில் ஸ்டெல்லா இடுப்பில் மகளோடு நின்றாள். ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினேன். ஒன்றரை வயசுக் குழந்தை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தது. பிறகு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"செக்யூரிட்டி செக் நடக்குதுங்க" என்றாள் ஸ்டெல்லா, சிரித்துக்கொண்டே அழுதபடி. "முடிஞ்சதும் தெரிவிப்பாங்க."

ஒன்பது நாளில் முடிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த விசாரணை அது ஒன்றுதான்.

முழுசாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது. இப்போது மகள் கார் வைத்திருக்கிறாள். கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று நான் சாவி கேட்கும்போதெல்லாம், "அந்த லாரி மேட்டர் இன்னும் கிளியர் ஆகலப்பா" என்கிறாள்.