அப்பாவின் ஈறும் டாக்டரம்மாவின் தையலும்

பாசமுள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் வாயைத் தவிர. அதுவும் இப்போது நலம்தான். உங்கள் முன்பல்லும் ஆடுகிறதாம், ஈறைத் திறந்து மருந்து வைத்தால் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியும் நீங்கள் பயந்துபோய்ப் பிடுங்கிவிடப் போகிறீர்களாம். அம்மா சொன்னாள். போனில் எனக்கு வார்த்தை வராது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன். பிடுங்காதீர்கள் அத்தை.

அப்பாவுக்கும் இதேதான். பல்லைப் பிடித்திருந்த எலும்பு கரைந்து பள்ளமாகிவிட்டது. இங்கே பல் டாக்டரம்மா அப்பாவின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, ஒரு மெஷினில் சுற்றவிட்டு, ஈறைத் திறந்து, திரண்டு நின்ற மஞ்சள் ஜவ்வைப் பள்ளத்தில் வைத்துத் தைத்தார். அதில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றனவாம். எலும்பையும் ஈறையும் தட்டி எழுப்பி வளரவைக்குமாம். அப்பா விடுவாரா? "வளரும்னா எதுவரைக்கும் வளரும்? யானைத் தந்தம் மாதிரி பல்லு வெளிய வந்துட்டா நான் கடையில எப்படிம்மா உக்கார்றது?" என்றார். "பல்லு வளராதுங்க, சுத்தி இருக்கிறதுதான் வளரும்" என்று டாக்டரம்மா சொன்னதை நம்பாமல், தினமும் தையல் கடையைத் திறந்ததும் என் கையில் இஞ்ச் டேப்பைக் கொடுத்து வாயைப் பிளந்தார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, எனக்கு வெட்டுமேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

அதோடு போகவில்லை. ஒரு நாள் அப்பா கண்ணாடியில் பார்த்தபோது ஈறில் தையல் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. "இது ஒரு தையலா? இப்படிப் பிசிறு விட்டா கஸ்டமர் சட்டையை என் மூஞ்சியிலயே எறிவான்!" "தொடாதீங்கப்பா" என்றேன், எனக்கே கேட்காத குரலில். நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை உள்ளே விட்டு முடிச்சோடு ஒட்ட நறுக்கிவிட்டார். மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போதே முடிச்சு அவிழ்ந்து, ஈறு பிரித்துப்போட்ட காலர் மாதிரி தொங்கியது.

"யாரு வெட்டினது?" என்று டாக்டரம்மா கேட்டபோது அப்பா வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து தையல் மெஷினைத் தவிர வேறு யாரிடமும் பேசிப் பழக்கமில்லாத நான், "அப்பாதான்! பிசிறுன்னு வெட்டிட்டாரு!" என்று கத்திவிட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

"சட்டையில அது பிசிறு. வாயில அது முடிச்சோட வாலுங்க, அது இருந்தாத்தான் முடிச்சு நிக்கும். உள்ள வெச்சது வெளிய வந்திருந்தா பல்லை எடுத்திருக்கணும். தப்பிச்சீங்க!" என்றார் டாக்டரம்மா.

மறுபடி தைத்த பிறகு அப்பா கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து, போன வாரம் எக்ஸ்ரே எடுத்தோம். பள்ளம் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் வெள்ளையாக எலும்பு ஏறியிருக்கிறது, பல் ஆடவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி வளரும் என்று சொல்ல முடியாதாம், ஆனால் பிடுங்கிய பிறகு வருந்துவதைவிட முயன்று பார்க்கலாமே. நாளைக்கே போய்ச் செய்துகொள்ளுங்கள் அத்தை. அப்பா இங்கே கடையில் இருப்பார், உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவளுக்கு முத்தம். நீங்களும் உங்கள் பல்லும் நெடுநாள் உறுதியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: நாளைக்கே போகச் சொன்னதை மறந்துவிடுங்கள். உங்கள் டாக்டர் தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்று அப்பா பெட்டியோடு நிற்கிறார். கடிதத்தை ஒட்டி அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். அவர் ஊர் திரும்பும்வரை ஈறைத் திறக்காதீர்கள். இதைப் படிக்கும்போது சிரிக்கவும் வேண்டாம், எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார்.