ஸ்டூலில் ஒட்டிய சிவப்புச் சீட்டு

திருத்தப் பேர்வழி என்று ஓர் இனம் உண்டு. ஓடுகிற வேலையை ஓடுகிறபடி விடாது. கையில் கடிகாரம், காதில் பென்சில், வாயில் “இன்னும் கொஞ்சம் மேம்படுத்தலாம்” என்ற ஒரே பாட்டு. பெண்டாட்டி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தால்கூட எத்தனை அடி நடந்தாள் என்று எண்ணும்.

எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே அதுதான்.

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மேஸ்திரி நான். எட்டாவது தாண்டாதவனை முதலாளி இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார். வீண் நடை, வீண் காத்திருப்பு, வீண் சரக்கு என்று ஏழு வகை வீண் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றுதான் மண்டையில் நின்றது. ஒரு கம்பெனியைக் கலங்கடிக்க மூன்று போதாதா?

வந்த மறுநாளே தரையெல்லாம் மஞ்சள் கோடு. துடைப்பத்துக்கு ஒரு கட்டம், குப்பைத் தொட்டிக்கு ஒரு கட்டம், நான் நின்று முறைப்பதற்கு ஒரு கட்டம். சுத்தியலின் உருவத்தைச் சுவரில் வரைந்து, அதன்மேல் சுத்தியலை மாட்டி, அரைமணி நேரம் ரசித்தேன். தினமும் காலையில் கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்புச் சீட்டு: உபயோகமில்லாத பொருளுக்குத் தேதி போட்டு ஒட்டுவது, ஏழு நாளுக்குள் யாராவது ‘தேவை’ என்று கையெழுத்துப் போடாவிட்டால் அது பழைய இரும்புக் கடைக்கு. சட்டம் நான் போட்டது.

பசை மெஷின் பக்கத்தில் ஓர் இரும்பு ஸ்டூல் கிடந்தது. மூன்று நாள் என் கட்டத்தில் நின்று கவனித்தேன். ஒருவரும் உட்காரவில்லை. ஒட்டினேன் சீட்டை.

அந்த மெஷினை ஓட்டுகிற அம்மாவைக் ‘குட்டையக்கா’ என்போம். சீட்டைப் பார்த்துவிட்டு, “மேஸ்திரி, அந்த ஸ்டூலு...” என்று ஆரம்பித்தாள்.

“வாயால சொல்லாதம்மா. எழுத்துல குடு. காலைக் கூட்டத்துக்கே தினம் அஞ்சு நிமிஷம் லேட்டு நீ.”

“சரி, எழுத்துலயே தர்றேன்,” என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

எட்டாம் நாள் ஸ்டூல் போயிற்று. ஒன்பதாம் நாள் லாரி வாசலில் நிற்க, மூவாயிரம் பெட்டி பல்லை இளித்துக்கொண்டு வந்தது. ஒன்றில்கூடப் பசை இல்லை.

“பசை தீந்தது தெரியலையா?” என்று கத்தினேன்.

“தொட்டி என் தலைக்கு மேல இருக்கு மேஸ்திரி. ஸ்டூல் மேல ஏறித்தான் பாப்பேன். நீங்க கூட்டம் போடுற நேரத்துலதான் ஏறிப் பசை ஊத்துவேன். அதான் லேட்டு.”

உட்காருகிறார்களா என்றுதான் நான் பார்த்தேன். நிற்கிறார்களா என்று பார்க்கவில்லை. மூன்று நாள் பார்த்திருக்கிறேன், கண்ணை வைத்துக்கொண்டு!

முதலாளி உட்பட எல்லோரும் தரையில் உட்கார்ந்து பிரஷ்ஷால் ஒட்டினோம், என் மஞ்சள் கோடுகளின் மேலேயே. வீடு போய்ச் சேர்ந்ததும் பெண்டாட்டி என் முதுகிலிருந்து எதையோ பிய்த்தாள்.

“என்னங்க இது, தேதியெல்லாம் போட்டிருக்கு?”

சிவப்புச் சீட்டு. ‘நாள் முழுக்கக் கட்டத்தில் நிற்கிறது. உபயோகம் தெரியவில்லை.’

“எழுத்து நல்லா இருக்கே,” என்றாள் மகராசி.

மறுநாள் முதலாளியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “சட்டம் நீ போட்டதுதானேப்பா? ஏழு நாள் பாப்போம்,” என்று அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டார்.

ஆறு நாள் அந்தப் பலகையைக் கடந்து போகும்போதெல்லாம் செருப்பைக் குனிந்து பார்த்தபடி போனேன். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவனைத் தேவை என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. ஏழாம் நாள் சாயந்திரம், சங்கு ஊதக் கால்மணி நேரம் இருக்கையில், சீட்டில் ஒரு கையெழுத்து விழுந்திருந்தது. குட்டையக்காவுடையது. கீழே காரணமும் எழுதியிருந்தாள்:

‘தேவை. ஆள் உயரம். புது ஸ்டூல் வரும்வரை தொட்டியை எட்டிப் பார்க்க உதவும்.’

ஸ்டூல் இன்னும் வரவில்லை. வாங்கச் சொல்லி நானும் முதலாளியை ரொம்ப நெருக்குவதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, “இந்த ஆள் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாமே” என்று ஒரு கணம் நினைத்தீர்களா? எதற்கும் முதுகைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.